செவ்வாய்க்கிழமை மூன்று மணி

7 ஜனவரி 1957, திங்கள். பாரிஸ்

ஆடையகங்களின் சங்கத்துக்கு அனுப்பவேண்டிய கடிதத்தின் வரைவு. கோபத்தோடு எழுதினால் வாக்கியம் கெடும். ஆகவே முதலில் இங்கே.

1. 1956 அக்டோபர் 12: இரேன் கல்வே ஆடையகத்தின் வசந்தகால உடைக்காட்சிக்கு, ஒன்பது ஆண்டுகளாக இருந்துவருவதுபோலவே, காட்சி வாரத்தின் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணியை ஒதுக்கும்படி விண்ணப்பித்தேன். பெற்றுக்கொண்டதாக ஒரு வரிகூட வரவில்லை.

2. நவம்பர் 19: ஒரு விருந்தில், கையில் கோப்பையும் மீசையில் நுரையுமாக, செயலாளர் திரு. ரூஸ்லோ "எல்லாம் வழக்கம்போலத்தான்" என்று வாய்மொழியாக உறுதியளித்தார்.

3. டிசம்பர் 21: சுற்றுக்கு வந்த முதல் அட்டவணையில் எங்கள் பெயர் இல்லை. அச்சுப்பிழை என்றார்கள். எங்கள் பெயருக்கு மட்டும் நேர்ந்த அச்சுப்பிழை.

4. 1957 ஜனவரி 5: இறுதி அட்டவணை. எங்களுக்கு பிப்ரவரி 4, திங்கட்கிழமை, காலை ஒன்பதரை. வெளிநாட்டுக் கொள்முதல்காரர்கள் அதற்கு முந்தைய சனிக்கிழமையே விமானம் ஏறிவிடுவார்கள். எங்கள் மண்டபத்தில் மிஞ்சப்போவது நாற்காலிகள்.

5. அதே நாள், அதே அட்டவணை: எங்கள் செவ்வாய் மூன்று மணி, ஒடீல் கெர்மாரெக் என்பவருக்கு. சென்ற ஈஸ்டர்வரை எங்கள் தையற்கூடத்தின் தலைவியாக இருந்து, ஒரு மாலை கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுப் போனவர். இப்போது ரொட்டிக்கடை ஒன்றின் மாடியில் சொந்த ஆடையகம் நடத்துகிறார்.

6. மேற்கண்ட எதற்கும் எழுத்தில் காரணம் தரப்படவில்லை.

ஆறு போதும். ஏழாவதாக எழுத நினைத்தது பண்பான சொல்லில் அடங்கவில்லை.

இரேனிடம் இன்னும் சொல்லவில்லை. காட்சிக்கு முந்தைய வாரங்களில் என் தங்கையிடம் கெட்ட செய்தி எதையும் கொண்டுபோவதில்லை என்பது இந்த வீட்டின் விதி. உடைகளை உண்டாக்குபவள் அவள். உலகத்தோடு சண்டையிடுபவன் நான்.

9 ஜனவரி

பதில் இல்லை.

11 ஜனவரி, வெள்ளி

பெட்ரோல் தட்டுப்பாடு, டாக்சி கிடைக்கவில்லை. சங்க அலுவலகத்துக்கு நடந்தே போனேன். காதுகள் உறைந்துவிட்டன. அதுவும் ஒருவகையில் நல்லதுதான். உறைந்த முகத்தில் கோபம் தெரியாது.

"வாங்க புரொபசர், வாங்க. காபி சொல்லட்டுமா?" என்றார் ரூஸ்லோ. நான் பல்கலைக்கழகத்தை விட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்னமும் என்னை இப்படித்தான் அழைக்கிறார்கள். மரியாதை பாதி, கிண்டல் பாதி.

"காபி வேண்டாம். காரணம் சொல்லுங்க."

அவர் பேனாவை மூடிவைத்தார். "உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா இந்தக் குளிர்ல இவ்வளவு தூரம் நடந்து வருவேனா?"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடியை. "நெப்போலியன் எதுக்கு ரஷ்யாவுக்குப் போனான்னு கேளுங்க, உக்காந்து பேசலாம். இதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. நான் வெறும் அட்டவணை போடறவன்."

"அட்டவணைக்கும் ஒரு நியாயம் உண்டு."

"இருக்கு. அதனாலதான் வாயை மூடிக்கிட்டிருக்கேன்."

அதிர்ந்துபோய் எழுந்துவந்தேன். ஊருக்கே தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை. என் ஊகம்: கெர்மாரெக்குக்குப் பின்னால் பணக்கார ஆலைக்காரன் எவனோ இருக்கிறான். சங்கத்தை மடக்கிவிட்டான். வேறென்ன இருக்க முடியும்?

15 ஜனவரி, செவ்வாய்

இன்று ஓர் இளம் பத்திரிகையாளன் தொலைபேசியில் கேட்டான்: "ஒரு வாரம் தள்ளிப்போனா என்ன ஆகிடும் சார்? உடை அதேதானே?"

உடை அதேதான். பைத்தியக்காரன்.

என் தந்தையின் காலத்தில் வாரம் என்று ஒன்று இல்லை. சீமாட்டி தனக்குத் தோன்றிய நேரத்தில் வந்து அமர்வாள். ஒரு பெண் உடையை அணிந்து அறைக்குள் நடந்து காட்டுவாள். சீமாட்டிக்குக் கொட்டாவி வந்தால் காட்சி முடிந்தது. முதல் போருக்கு முன்பு லண்டனில் ஒரு தையற்காரச் சீமாட்டி மேடை போட்டு, திரை தொங்கவிட்டு, இசைக்காரர்களை அமர்த்தி, ஒவ்வோர் உடைக்கும் ஒரு பெயர் சூட்டி, தேநீருக்கு அழைப்பதுபோல ஊரை அழைத்தாள். இங்கே சிரித்தார்கள். சிரித்துவிட்டு அதையே செய்தார்கள். பிறகு அமெரிக்கர்கள். கடல்கடந்து வருகிறவனை, இன்று எனக்கு மனமில்லை, நாளை வா என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கு இரண்டு முறை, இன்ன வாரம், இன்ன நேரம் என்று குறித்தார்கள். கப்பல்காரனின் கால அட்டவணை பெற்ற பிள்ளைதான் எங்கள் அட்டவணை.

ஜெர்மானியர்கள் இந்த நகரத்தில் இருந்தபோது நியூயார்க்குக்கு நம் உடைகள் போகவில்லை. அமெரிக்கர்கள் தங்கள் பத்திரிகையாளர்களைக் கூட்டி, தங்கள் உடைகளுக்கென்று ஒரு வாரத்தை நடத்திப் பார்த்தார்கள். நாம் இல்லாமலும் முடியும் என்று கண்டுகொண்டார்கள். இப்போது ஃப்ளாரன்ஸில் இத்தாலியர்கள் நமக்கு முன்னதாகவே காட்டிவிடுகிறார்கள். கொள்முதல்காரர்கள் பாதிப் பை காலியாகத்தான் இங்கே வந்து சேர்கிறார்கள்.

விடுதலைக்குப் பின் இந்த நகரத்தில் துணியே இல்லை. கை நீளமுள்ள கம்பிப் பொம்மைகளுக்கு உடை தைத்துக் காட்சி வைத்தார்கள், உலகம் நம்மை மறந்துவிடக் கூடாதென்று. அதில் ஒரு பொம்மையின் கோட்டை இரேன் தைத்தாள். என் முன்னங்கை நீளமே உள்ள கோட்டு. அதை அன்று பார்த்துவிட்டு வீடு திரும்பி, பல்கலைக்கழகத்துக்கு விலகல் கடிதம் எழுதினேன். ஒரு பொம்மையின் கோட்டுக்காக. யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

ஆகவே, தம்பி, ஒரு வாரம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்றால்: அந்த வாரத்தில் கண்ணில் பட்ட ஆடையகம் இருக்கிறது. படாத ஆடையகம் இல்லை. மற்ற மாதங்களில் நடப்பது வெறும் தையல்.

19 ஜனவரி, சனி

இரேனிடம் சொல்லிவிட்டேன். விதியை மீறினேன். நாற்காலிகளை எத்தனை வரிசை போடுவது என்று அவளே கேட்டுவிட்டாள், மறைக்க முடியவில்லை.

அவள் மாடல் நிக்கோலின் இடுப்பில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"திங்கட்கிழமை காலைலயா? வெளிச்சம் நல்லா இருக்கும் அண்ணா."

"வெளிச்சமா? வெளிச்சத்துக்கா நாம காட்டறோம்? யாரும் இருக்க மாட்டாங்க இரேன்!"

"நம்ம வழக்கமான அம்மாக்கள் வருவாங்க. நிக்கோல், மூச்சை விடாதே."

"மூச்சு விட்டு ரொம்ப நேரம் ஆச்சு மதாம்," என்றாள் நிக்கோல்.

இருவரும் சிரித்தார்கள். சிரித்தார்கள்! நான் அதிர்ச்சியில் நின்றேன். அவளுக்கு நிலைமை புரியவில்லை, அல்லது என் மனம் நோகக் கூடாதென்று நடிக்கிறாள். இரண்டாவதாகத்தான் இருக்கும். அவள் எப்போதும் என்னைக் காப்பாற்றப் பார்ப்பவள்.

26 ஜனவரி, சனி

ஒத்திகை.

எங்கள் வீட்டு முறை இது: ஒத்திகையின்போது மண்டபத்தின் நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதில் நான். ஒவ்வோர் உடையும் என் முன்னால் நடந்து, திரும்பி, நிற்கும். நான் "போகட்டும்" என்பேன், அல்லது "வேண்டாம்" என்பேன். "போகட்டும்" என்றது காட்சிக்குப் போகும். அதை முன்புறம், பின்புறம், பக்கவாட்டு என மூன்று கோணங்களில் படமெடுத்துப் பதிவு செய்வோம், எவனாவது நகலெடுத்தால் பிடிப்பதற்காக. "வேண்டாம்" என்றது மாடியறைக்குப் போகும். அதைப் பற்றிப் பிறகு பேச்சு இல்லை. ஒரு பருவத்துக்கு ஐந்தாறாவது விலகும். வாங்குகிறவர் யார், எதை வாங்குவார் என்று தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தாக வேண்டும்.

இன்று எதையும் விலக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றைக்கூட. எல்லாம் செம்மை, எல்லாம் அளவு, எல்லாம் விற்கும். ஒன்பது ஆண்டுகளில் முதல்முறை. தங்கை கடைசியில் என் கண்ணைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

இப்படியொரு தொகுப்பைத் திங்கட்கிழமைக் காலையில் வைத்துக் கொல்கிறார்கள்.

29 ஜனவரி, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஓர் ஆடையகத்தார் இன்னோர் ஆடையகத்தின் காட்சிக்குள் கால்வைப்பதில்லை. இந்த நகரத்தில் அதற்கு எழுதிய சட்டம் தேவைப்பட்டதில்லை. நானும் உள்ளே போகும் எண்ணத்தில் போகவில்லை. எதிர்ப்புக் கடிதத்தை வாசலில், நாலு பேர் பார்க்க, கெர்மாரெக்கின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புவதே திட்டம். ரொட்டி வாசனைக்குள் மாடியேறினேன். படிகளில் அமெரிக்கப் பெண்மணிகள் மூச்சிரைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒடீல் வாசலில் நின்றாள். கறுப்பு உடை, மணிக்கட்டில் இன்னமும் ஊசிமெத்தை.

"வந்துட்டீங்களா ஐயா? மாடி ஏறி மூச்சு வாங்குதா? வந்து உக்காருங்க."

"நான் உக்கார வரல. இதை வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போடு."

"காட்சி முடியட்டும், எத்தனை கையெழுத்து வேணுமோ போடறேன். முதல் வரிசை, ரெண்டாவது நாற்காலி. உங்க பேர் எழுதி வெச்சிருக்கு."

என் பெயர். அட்டையில். முதல் வரிசையில். நான் வருவேன் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? பின்னால் படியில் நின்றவர்கள் நெருக்கினார்கள். போய் அமர்ந்துவிட்டேன். ஏன் அமர்ந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பக்கத்து நாற்காலியில் திருமதி லிப்ஸ்கோம், நியூயார்க்கின் பெரிய கடை ஒன்றுக்குக் கொள்முதல் செய்பவர். ஒன்பது ஆண்டுகளாக எங்கள் செவ்வாய்க்கு வந்தவர். "புரொபசர்! நீங்க இங்கயா? உங்களோடது எப்போ? திங்களா? ஐயோ, சனிக்கிழமை நான் கெளம்பறேனே. பாவம் இரேன்." ஒரு வாக்கியத்தில் எங்களைப் புதைத்துவிட்டுப் பென்சிலைக் கூர்பார்த்தார். வரையக் கூடாது, எண்ணை மட்டும் குறிக்கலாம் என்பது எல்லாக் காட்சிகளுக்கும் பொதுவான கட்டுப்பாடு. அவர் கண்ணாலேயே வரைவார்.

முதல் பத்து உடைகள் பரவாயில்லை. சிற்றூர்த் தையற்காரியின் திறமை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பதினொன்று. எண் அட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் வந்தாள். சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. தோளில் தையல் இல்லை. கழுத்திலிருந்து மணிக்கட்டுவரை, முதுகிலிருந்து முழங்கால்வரை ஒரே துணி, யாரோ மேலிருந்து ஊற்றியதுபோல. அவள் திரும்பினாள். முதுகில் துணி உடலைத் தொடாமல், உடலை மறைக்காமல், தானாக நின்றது. அறையில் இருமல் நின்றது. திருமதி லிப்ஸ்கோமின் பென்சில் கீழே விழுந்தது, அவர் குனியவில்லை.

நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன். எழுதத்தான் வேண்டும்: வந்திருந்தேன். பத்து வினாடி, அதற்கு மேல் இருக்காது, நான் எங்கே இருக்கிறேன், யாரோடு சண்டை என்பதே மறந்துபோனது.

பிறகு தெரிந்தது. இது எங்களுடையது. இந்தக் கை, இந்த முதுகு எனக்குத் தெரியும். இரேனின் கைவெட்டு. அடுத்து வந்த கறுப்பு உடையும் எங்களுடையது. ஒற்றை முடிச்சில் நிற்கும் அந்த மாலை உடையும். வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, என் வீட்டை என் கண்ணெதிரே நடத்திக் காட்டினார்கள்!

எழுந்தேன். திருட்டு என்று சொல்லத்தான் எழுந்தேன். வாய் திறந்தது.

அதற்குள் திருமதி லிப்ஸ்கோம் எழுந்தார். அவர் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். "கல்வே ஆடையகத்துக்காரரே எழுந்துட்டார், பாருங்க!" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. முழு அறையும் எழுந்து நின்று கைதட்டியது. காட்சி பாதியில் நிற்க, அந்தச் சாம்பல் கோட்டுப் பெண்ணை மறுபடி வரச் சொன்னார்கள். நான் நடுவில், வாயைத் திறந்தபடி, மரியாதை செலுத்துகிறவனைப்போல நின்றுகொண்டிருந்தேன்.

கடிதம் இன்னமும் என் கோட்டுப் பையில் இருக்கிறது.

30 ஜனவரி, புதன்

காலைப் பத்திரிகை, மூன்றாம் பக்கம்: "போட்டி ஆடையகத்தின் நிர்வாகி, தன் கண்டிப்புக்குப் பெயர்பெற்றவர், முதலில் எழுந்து வணக்கம் செலுத்தினார். இந்தத் தொழிலில் இத்தகைய பெருந்தன்மை அரிது."

பெருந்தன்மை.

வழக்கறிஞர் பெலிசியேயிடம் போனேன். திருட்டு நகல் என்றால் காவல் ஆணையரோடு போய் உடைகளைக் கைப்பற்றலாம். முன்பு இரண்டு முறை செய்திருக்கிறோம்.

"பேப்பர்ல பாத்தேன்," என்றார் பெலிசியே. "நீங்களே எழுந்து கைதட்டினீங்களாமே. இப்ப திருட்டுன்னா எப்படி?"

"கைதட்டல. எழுந்தேன்."

"அந்த வித்தியாசத்தை நீதிபதிக்கு யார் விளக்கறது? சரி, விடுங்க. பதிவுப் படங்களைக் குடுங்க. மூணு கோணமும் இருக்கணும். அது இல்லாம ஆணையர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்."

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். ஒன்பது ஆண்டுகளின் படங்கள், பருவம் பருவமாக, என் கையால் அடுக்கியவை. சாம்பல் கோட்டு இல்லை. கறுப்பு உடை இல்லை. முடிச்சு உடை இல்லை.

இருக்காது. இருக்கவே முடியாது. நின்ற நிலையில் எல்லாம் ஞாபகம் வந்தது. சாம்பல் கோட்டு 1953 கோடையில், குளிர்காலத் தொகுப்புக்கான ஒத்திகையில் என் முன்னால் நடந்தது. "இதுக்குள்ள பொம்பளை எங்க?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். வேண்டாம் என்றேன். கறுப்பு உடை அதற்கு அடுத்த ஆண்டு. வேண்டாம். முடிச்சு உடை. வேண்டாம். நேற்று அந்த மாடியில் என்னை நாற்காலி நுனிக்கு இழுத்த ஒவ்வொன்றும் நான் வேண்டாம் என்றது.

வேண்டாம் என்ற உடையை யார் படமெடுப்பார்கள்?

சரியாகத்தான் செய்தேன். அந்த ஆண்டு கொள்முதல்காரர்கள் கேட்டது இடுப்பு; நாம் கொடுத்தது இடுப்பு. தையற்கூடம் பட்டினி கிடக்கவில்லை. சரியாகத்தான் செய்தேன்.

ஆனால் மாடியறையிலிருந்து அவை வெளியே எப்படிப் போயின? ஒடீல்தான். போகும்போது வெள்ளைத் துணி மாதிரிகளை வாரிக்கொண்டு போயிருக்கிறாள். பெலிசியே ஒரு வழி சொன்னார்: படம் இல்லாவிட்டாலும், உடையை உருவாக்கியவர் இது என்னுடையது, என் அனுமதியின்றி எடுத்தது என்று கையெழுத்திட்டால் போதும்.

இரேன் கையெழுத்திடுவாள். நாளை.

31 ஜனவரி, வியாழன்

கையெழுத்திட மாட்டாள்.

பெலிசியே எழுதிக் கொடுத்த தாளை அவள் வெட்டுமேசைமேல் வைத்தேன். வாயில் ஊசிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையில் குத்தினாள். கடைசி ஊசிவரை நான் காத்திருக்க வேண்டியிருந்தது.

"என்னோடதுதான். ஆனா திருட்டு இல்ல அண்ணா. நான்தான் குடுத்தேன்."

"வித்தியா?"

"குடுத்தேன்னு சொன்னேன்."

"இந்த வீட்டோட உடையைக் குடுக்க நீ யாரு?" எப்படிக் கேட்டேன் இப்படி? வாசலில் தொங்குவது அவள் பெயர்.

அவள் கோபப்படவில்லை. "நீ வேண்டாம்னு சொன்ன அன்னிக்கே அது வீட்டோடது இல்லாமப் போச்சு. மாடில கெடந்தது. ஒடீல் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து தூசி தட்டுவா, தெரியுமா உனக்கு? தனியா கடை போடறேன்னு அவ சொன்னப்போ, எடுத்துக்கிட்டுப் போன்னு சொல்லிட்டேன்."

"சரி. அந்தச் செவ்வாய்க்கிழமையை அவளுக்கு யார் குடுத்தா? அதைச் சொல்லு."

ஒரு நூல் துண்டை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அதுவும் நான்தான். ரூஸ்லோகிட்ட நானே போனேன். எடத்தை மாத்திக் குடுங்க, ஆனா அண்ணன்கிட்ட நான் சொல்றவரைக்கும் சொல்லாதீங்கன்னு கேட்டேன். பாவம், அவருக்கு ஒரு மாசமா தூக்கம் இல்லையாம்."

ஆறு குற்றச்சாட்டுகள். எண்ணிட்டு, தேதியிட்டு, தவறான முகவரிக்கு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்!"

"அதான்."

அவள் தாளை மடித்து என் பக்கம் தள்ளினாள். பிறகு சொன்னேன், தாழ்ந்த குரலில், எனக்குக் கோபம் முற்றினால் குரல் தாழ்ந்துவிடும்: "இந்த வீட்ல இத்தனை பேர் சாப்பிட்டது அந்த 'வேண்டாம்'னாலதான்."

"தெரியும். அதனாலதான் ஒன்பது வருஷமா வாயைத் திறக்கல. நல்லாத்தான் நடத்தின. அதையும் சொல்றேன்." ஊசிமெத்தையைக் கழற்றினாள். "ஆனா சாம்பல் கோட்டை அமெரிக்காக்காரங்க பாக்கணும்னு ஆசைப்பட்டேன். திங்கட்கிழமை காலைல இல்ல, செவ்வாய் மூணு மணிக்கு. வாழ்க்கைல ஒரு தடவை. உனக்கு நாற்காலி போடச் சொன்னதும் நான்தான். கடுதாசியைத் தூக்கிக்கிட்டு நீ எப்படியும் வருவேன்னு தெரியும்."

வெளியே வந்துவிட்டேன். ஐம்பத்தாறு வயதில் படிக்கட்டில் உட்கார்ந்தேன், தூசிமேல், கோட்டோடு.

2 பிப்ரவரி, சனி

விமானங்கள் போய்விட்டன.

4 பிப்ரவரி, திங்கள்

காலை ஒன்பதரை. வெளிச்சம் நன்றாகவே இருந்தது.

பாதி நாற்காலிகள். வழக்கமான அம்மையார்கள்; ஒரு நோட்டரியின் மனைவி தன் நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் ரூஸ்லோ, தொப்பியை முழங்காலில் வைத்தபடி. என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். நானும்.

நான் பின்னால், திரையோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். நிக்கோல் பிசகின்றி நடந்தாள். ஒவ்வொன்றும் நான் "போகட்டும்" என்றது. ஒவ்வொன்றும் போனது. இறுதியில், முறைப்படி, மணப்பெண் உடை. நாய்க்குட்டி குரைத்தது, அதுதான் காலையின் மிகப்பெரிய சலனம்.

"எப்பவும்போலவே இருக்கு மெஸ்யூ கல்வே," என்றார் நோட்டரியின் மனைவி, என் கையைப் பிடித்து. "உங்க வீட்டுக்கு வந்தா எப்பவும் ஏமாற்றமே கெடையாது."

ஒன்பது ஆண்டுகளாக இந்த வாக்கியத்துக்கு நன்றி சொல்லிவந்திருக்கிறேன். இன்றும் சொன்னேன்.

5 பிப்ரவரி

இரேனோடு பேசவில்லை. காபி கதவோரம் இருந்தது. குடித்தேன்.

8 பிப்ரவரி, வெள்ளி

அவளே வந்து சொன்னாள். கோடையில் காட்டும் குளிர்காலத் தொகுப்போடு இந்தப் பெயரில் காட்சி முடிகிறது. அதன்பின் தையற்கூடத்தோடு ஒடீலிடம் சேர்ந்துகொள்கிறாள். ரொட்டிக்கடையின் மாடி போதாது. பெரிய இடம் பார்க்கிறார்கள். லிப்ஸ்கோம் கேட்டதில் பாதியைக்கூட அவர்களால் தைத்து முடிக்க முடியவில்லையாம்.

"உன்னைக் கூப்பிடறதுக்கு வரல," என்றாள். "கூப்பிட்டா நீ வேண்டாம்னுதான் சொல்லுவ. தெரியப்படுத்த வந்தேன்."

நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்பதற்கு எனக்கு மனமில்லை. இப்போதும் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் நடந்தது நடந்ததுதான்.

13 பிப்ரவரி, புதன்

பற்களைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

பூல்வார் பெருவீதியில், ஆயத்த ஆடை விற்கும் ஒரு பெரிய கடை. கண்ணாடிக்குப் பின்னால், மெழுகுப் பொம்மைமேல், சாம்பல் கோட்டு. படங்களைப் பத்திரிகைகள் வெளியிடச் சங்கம் அனுமதித்த தேதிகூட இன்னும் வரவில்லை! எவனோ அந்த மாடியில் உட்கார்ந்து கண்ணாலேயே வெட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

திருடட்டும். இந்தத் தொழிலில் திருடன் இல்லாத பருவம் இல்லை. ஆனால் தோளில் தையல் போட்டிருந்தான்.

தோளில். தையல்.

அந்தத் துணி தோளைக் கடந்து போவதுதானே கோட்டே! அதை அங்கே வெட்டி, ஒட்டி, தட்டையாக்கி, முதுகில் அசிங்கமாக ஒரு பெல்ட் வேறு. பிணத்துக்குப் பவுடர் பூசியதுபோல. எவ்வளவு நேரம் அங்கே நின்றேனோ. பக்கத்தில் ஒரு பெண் நின்று பார்த்து, "அழகா இருக்குல்ல?" என்றாள்.

"இல்லம்மா. தப்பு. அங்க தையலே வரக் கூடாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தொப்பியைத் தொட்டுவிட்டு நடந்தேன். கால்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. ரொட்டி வாசனை வந்தபோதுதான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன்.

ஒடீல் மேசையடியில் முழங்காலிட்டிருந்தாள். "என்ன ஐயா, கையெழுத்து வாங்க மறந்துட்டுப் போனீங்களே, அதுக்கா?"

"சாம்பல் கோட்டைப் பதிவு பண்ணியா?"

"பதிவா? தைக்கறதுக்கே நேரம் இல்ல. அதெல்லாம் உங்க வேலை இல்லையா முன்ன?"

"அந்தப் பொண்ணைக் கோட்டோட சன்னல்கிட்ட நிக்கச் சொல்லு. படம் எடுக்கற ஆளை நான் கூட்டிக்கிட்டு வரேன்."

அவள் எழுந்தாள். முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "அப்போ, இது போகட்டுமா ஐயா?"

படமெடுப்பவனைக் கூட்டிவந்தேன். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. முன்புறம், பின்புறம், பக்கவாட்டு. பின்புறம் மட்டும் இரண்டு முறை எடுக்கச் சொன்னேன்.

15 பிப்ரவரி, வெள்ளி

பெலிசியே எழுதிய தாளில் பெயர்களை மாற்றி இரேனிடம் வைத்தேன். படித்தாள். கையெழுத்திட்டாள்.

இன்று பதிவு அஞ்சலில் போன கடிதத்தின் நகல்:

பூல்வார் ஆயத்த ஆடைக் கடையின் உரிமையாளருக்கு.

ஐயா,

தங்கள் கடையின் காட்சிக் கண்ணாடியில் இம்மாதம் 13ஆம் தேதி முதல் வைக்கப்பட்டுள்ள சாம்பல் நிறக் கோட்டு, திருமதி இரேன் கல்வே உருவாக்கி, திருமதி ஒடீல் கெர்மாரெக்கின் ஆடையகத்தில் ஜனவரி 29 அன்று பதினோராம் எண்ணாகக் காட்டப்பட்ட உடையின் அனுமதியற்ற நகல். பதிவுப் படங்கள் மூன்றும் உருவாக்கியவரின் கையொப்பமிட்ட வாக்குமூலமும் இத்துடன் உள்ளன.

அசல் உடையில் தோளும் கையும் உடலும் ஒரே துணி. தோளில் தையல் இல்லை, இருக்க முடியாது. தாங்கள் போட்டிருக்கிறீர்கள். எடுத்தது ஒரு குற்றம். எதை எடுத்தோம் என்று அறியாமல் எடுத்தது, சட்டத்தில் இடமில்லாவிட்டாலும், என் கணக்கில் அதைவிடப் பெரிய குற்றம்.

மேற்படி கோட்டையும் அதன் வெட்டு மாதிரிகள் அனைத்தையும் உடனே அகற்றி ஒப்படைக்க வேண்டும். தவறினால் காவல் ஆணையருடன் நேரில் வருவேன்.

பிப்ரவரி 20, புதன்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் தங்கள் பதில் எழுத்தில் எனக்கு வந்து சேர வேண்டும். முகவரி: ரொட்டிக்கடையின் மேல், இரண்டாம் மாடி. வாய்மொழிப் பதில் ஏற்கப்படாது.